ஐந்தாம் மாடி ஹமீதா போட்ட கட்டம்

ஹமீதா ஓடிப்போனாள் என்று சொல்லாதே சலேஹா, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓடிப்போகிறவள் காலை பத்து மணிக்கா போவாள்? பாதி பிளாக் கதவுக் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்ததே!

“அப்ப அந்தப் பேப்பர் என்ன மாமி? மாடி மாடியா நம்மள எண்ணினாள்ல?” என்கிறாய். எண்ணினாள். எதற்கு என்று உனக்குத் தெரியாது. எனக்கும் முதலில் தெரியாது. உன்னைவிட அதிகமாக அவளைச் சந்தேகப்பட்டவள் நான்தான். அதனால் நான் சொல்வதைக் கேள்.

ஹமீதா கடலுக்கு அந்தக் கரை, கெப்பாலா பத்தாஸ்காரி. இந்தக் கரையில், நம்ம டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் பன்னிரண்டு வருஷம் நர்ஸ் வேலை, ஒரே வார்டு. தினமும் பட்டர்வொர்த் வந்து ஃபெர்ரி பிடித்து அலைய முடியவில்லை என்று என் சின்ன அறைக்குக் குடிவந்தாள். அரசாங்க பிளாக்கில் அறையை வாடகைக்கு விடக் கூடாது. விட்டேன். இந்த மாடியில் விடாதவர்கள் யார்? சீனி முகம்மது ஒரே அறையில் நாலு பேரை வைத்திருக்கிறான்.

வந்த வருஷமே அவளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. இங்கிலீஷ் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும், அவ்வளவுதான். பேசுவதில் பாஸ், கேட்பதில் பாஸ், படிப்பதில் பாஸ். எழுதுவதில் இரண்டு தடவையும் போய்விட்டது. மூன்றாவது தடவையும் போனால் அந்த இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். அவளைக் கவிழ்த்தது எது தெரியுமா? ஒரு கட்டம். நம்பர் போட்ட ஒரு கட்டத்தைக் கொடுப்பார்களாம். எந்த நாட்டில் எத்தனை பேர் தேத்தண்ணி குடிக்கிறார்கள் என்பது மாதிரி. அதைப் பார்த்து இருபது நிமிஷத்தில் எழுத வேண்டுமாம்.

அவளோடு வேலை பார்க்கும் நடாஷா ஒரு நாள் வந்து, ஹமீதா எழுதியதை என் மேசையில் வைத்துப் படித்தாள்.

“அக்கா, நீங்க எல்லா நம்பரையும் எழுதி வச்சிருக்கீங்க.”

“விட்டா தப்புல்ல? ஒரு பிபி எழுத மறந்தாலே சிஸ்டர் என்ன நிக்க வச்சுக் கேப்பாங்க.”

“அது சார்ட்டு, அக்கா. ஷிஃப்ட் முடிஞ்சு அடுத்த நர்ஸுக்குப் பாஸ் ஓவர் சொல்லிக் கொடுக்கறப்ப நாலாம் பெட்டோட அத்தன டெம்பரேச்சரையுமா படிக்கிறீங்க?”

“சே, இல்ல. ‘நாலாம் பெட்டுக்குக் காலையிலேர்ந்து காய்ச்சல் ஏறுது, மத்தவங்க பரவால்ல’ன்னு சொல்வேன்.”

“அததான் எழுதச் சொல்றாங்க லா! மொதல்ல மொத்தத்தச் சொல்லுங்க. அப்புறம் எது கூட, எது கொறச்சல், எது மாறுச்சு. மிச்சத்த விடுங்க.”

ஹமீதா பேனாவை எடுத்து நம்பர்களை அடிக்கப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் ஒரு நம்பரையும் விடாமல் எழுதிய கை அது. விடச் சொன்னால் விடுமா? புத்தகத்தில் இருந்த கட்டங்களெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பார்க்காத கட்டம் வேண்டும் என்று, அவளே ஒன்று போட்டாள்.

இரவு வேலை முடிந்து வருகிற நாட்களில், காலை ஏழு மணிக்கு வீட்டு வாசல் நடைபாதையில் நின்றுகொள்வாள். எந்த மாடியிலிருந்து எத்தனை பேர் நடந்து போகிறார்கள், மோட்டார் சைக்கிளில் எத்தனை பேர், பஸ்ஸுக்கு எத்தனை பேர் என்று கோடு போடுவாள். என்னிடம் சொல்லவில்லை. அது அவள் செய்த தப்பு.

ஒரு நாள் காற்றில் ஒரு தாள் பறந்து சீனி முகம்மது வாசலில் விழுந்தது. மாடி, மாடிக்குப் பக்கத்தில் ஆள் கணக்கு. அடுத்த செவ்வாய்க்கிழமை வீடமைப்பு ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கத்தான் வந்தார்கள். ஆனால் யார் கேட்டார்கள்? ‘ஆபீசுக்கு ஆள் காட்டுகிறாள்’ என்று மாலைக்குள் பத்து மாடிக்கும் போய்விட்டது. வாசலில் கழற்றி வைத்த அவளுடைய வெள்ளைச் சப்பாத்து காணாமல் போனது. யார் எடுத்தது என்று உனக்குத் தெரியும்.

எனக்கும் பயம்தான். வீடு என் பெயரில் இருக்கிறது. அன்றைக்கே கேட்டேன்.

“இதுல என் வீடு எங்க?”

“இந்தா மாமி, அஞ்சாம் மாடி. எட்டுப் பேர் மோட்டார்ல போறாங்க.”

“பேரு?”

“பேரெல்லாம் இல்ல மாமி.”

நான் நம்பவில்லை. எனக்கு எழுத்து தெரியாது. யாரும் என்ன வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம். அவள் தூங்கும்போது தாளை எடுத்துக்கொண்டு போய், கீழே போட்டோஸ்டெட் கடைச் சீனப் பெண்ணிடம் மலாயில் படிக்கச் சொன்னேன். மாடி, மோட்டார், பஸ், நடை. வேறு ஒன்றுமில்லை. திரும்பவும் படிக்கச் சொன்னேன். அதேதான். சந்தேகப்பட்டது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். நான் சந்தேகப்பட்டேன், போய்க் கேட்டேன். நீங்கள் யாரும் கேட்கவில்லை.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. லிப்டுக்கு முன்னால் சீனி முகம்மது அவளை மறித்தான். அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் அவனைக் கூப்பிடுவாள்.

“யாருக்கும்மா எங்கள எண்ணிக் கொடுக்கிற?”

“யாருக்கும் இல்ல நானா. எழுதிப் பழகுறேன்.”

“எங்கள வச்சா? எட்டுன்னு போட்டா, ஏன் எட்டுன்னு ஆபீஸ்ல கேக்க மாட்டான்?”

“கேக்க மாட்டாங்க. ஏன்னு நானும் எழுதக் கூடாது. கட்டத்துல இருக்கறத மட்டும்தான் எழுதணும். இல்லாதத சேத்தா மார்க் போயிடும்.” சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தாள். “இந்த பிளாக்குல எல்லாரும் ஃபெயிலு நானா.”

நான்தான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் நடைபாதையில் நிற்கவில்லை. அறைக்குள் உட்கார்ந்து, போட்ட கட்டங்களையே திரும்பத் திரும்ப எழுதினாள். பக்கத்தில் என் சமையலறைக் கடிகாரத்தை வைத்துக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாக எழுதினாள்.

பாஸ் பண்ணிவிட்டாள். கேட்ட மார்க்கு எதுவோ, சரியாக அதுவே வந்தது. ஒரு புள்ளிகூட மேலே இல்லை.

போன அன்று, மாடியில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். இரண்டுதான் திறந்தது. உன் கதவு திறக்கவில்லை சலேஹா, உள்ளே டிவி சத்தம் கேட்டது. சீனி முகம்மது திறந்தான், ஆனால் கம்பிக் கதவைத் திறக்கவில்லை.

“அயர்லாந்து போறேன்னு சொல்றியாம். லெட்டரக் காட்டு பாக்கலாம்.”

வேறு யாராவது என்றால் கோபப்பட்டிருப்பார்கள். அவள் பையை இறக்கி வைத்துவிட்டு, பரீட்சை மார்க்குத் தாளைக் கம்பி வழியாகக் கொடுத்தாள். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“எல்லாம் நம்பராத்தானே இருக்கு. அயர்லாந்துன்னு எங்க போட்டிருக்கு?”

“அதுல போட்டிருக்காது நானா.”

தாளில் இல்லாததை ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. தாளை வாங்கி மடித்தாள். ஸலாம் சொன்னாள். என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். பையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கிப் போனாள்.