வீட்டுப் பழசு

"இது என்னோட ஹெட் இல்ல," என்றாள் ஃப்ரேமா.

வேனின் பம்பர்மேல் ஏறி நின்று, ஒரு கையால் பானெட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் டார்ச்சோடு இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் ஆஜெய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். அந்த மெக்கானிக் ஷெட்டுக்கு அவர்தான் முதலாளி.

"லேத்துக்குப் போய் வந்திருக்கும்மா. தேச்சுக் கழுவினா புதுப் பொண்ணு மாதிரிதான் தெரியும்."

"மூஞ்சியைக் கழுவினா மூக்கு மாறிடுமா? மூலையில சிவப்பா ஒரு பொட்டு வச்சிருந்தேன். எங்க அது?"

"பெட்ரோல்ல முக்கினா நெயில் பாலிஷ் நிக்குமா?"

"ரேடியேட்டர்ல நிக்குதே. போன மழைக்காலத்துல அதையும் நீங்கதான கழுவினீங்க?"

பக்கத்து ஷெட்டில் யாரோ சிரித்தார்கள். "மாஸ்டர், நெயில் பாலிஷ் அம்மாகிட்ட வசமா மாட்டிக்கிட்டீங்க."

குமாசி நகரத்தில் மேகஸின் என்ற அந்த மெக்கானிக் பேட்டை முழுக்க அவளுக்கு அந்தப் பேர்தான். பேட்டரி, ஆல்டர்னேட்டர், ஸ்டெப்னி, தள்ளுகதவின் உருளை, எல்லாவற்றிலும் அவள் வைத்த சிவப்புப் பொட்டு இருக்கும். வண்டி ஷெட்டுக்கு வந்தால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கென்கே என்ற புளித்த மக்காச்சோள உருண்டையையும் மீனையும் அங்கேயே சாப்பிடுவாள். சாப்பிடும்போதும் கண் ஸ்பானர்மேல் இருக்கும். நேற்று ஒருநாள்தான் தங்கை பிரசவத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாகிவிட்டது.

வேனை அனுப்பியது வெளிநாட்டில் வேலைக்குப் போன அவள் புருஷன். பத்து வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தது. துறைமுகத்தில் சாவியை வாங்கிய அன்றே பின்சீட்டின் இடுக்கில் ஒரு குழந்தையின் காலுறை கிடைத்தது. ஒற்றைக் காலுறை. பழைய வண்டி, யாரோ குடும்பஸ்தன் விற்றது என்று புருஷன் போனில் சொன்னான். அப்படியும் இருக்கலாம். ஆனால் தனியாக இருக்கிறவன் கண்ணுக்கு ஏழு பேர் உட்காரும் வண்டி எப்படிப் பட்டது என்று அவள் கேட்டாள். வாரம் தவறாமல் கேட்டாள். இரண்டாம் வருஷம் அவன் போனை எடுப்பதை நிறுத்தினான். எடுக்காததே பதில் என்று அவள் வைத்துக்கொண்டாள்.

வேன் அவளுக்குச் சோறு போட்டது. டிரைவர்கள்தான் தங்கவில்லை. முதலாமவன் வாரம் ஒரு ரிப்பேர் சொன்னான். இரண்டாமவன் டீசல் உறிஞ்சினான். மூன்றாமவன் டயரை மாற்றி விற்றான், அது நிஜம். நான்காமவனிடம் எதையுமே கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்காகவே அவனை வேலையை விட்டு நிறுத்தினாள். ஐந்தாவதாக வந்த டார்க்வா மூன்று வருஷமாக இருக்கிறான். அவனும் போனால் ஆறாவது ஆள் வரமாட்டான் என்று வேன் ஸ்டேஷனில் அவள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். நாளை சனிக்கிழமை. சர்ச்சுப் பெண்களை மாம்பாங் என்ற ஊரில் ஒரு துக்க வீட்டுக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். இந்த நேரம் பார்த்து வண்டி மேட்டில் ஆவி கக்கி நின்றுவிட்டது.

டார்க்வா தள்ளுகதவில் சாய்ந்து நின்றான். ஃப்ரேமா பம்பரிலிருந்து இறங்கி அவனிடம் வந்தாள்.

"நேத்து முழுக்க நீதான இங்க இருந்த. நீ சொல்லு."

"உங்க ஹெட் இல்லதான்."

"டேய், வாயை மூடு," என்றார் மாஸ்டர்.

"இருங்க மாஸ்டர். அம்மா, அதுல வால்வுக்கு நடுவுல விரிசல். வெல்டு வச்சா ஒரு மாசம் தாங்கும். மாஸ்டர்கிட்ட வீட்டுப் பழசு ஒண்ணு இருந்துச்சு. அதை மாட்டச் சொன்னேன்."

வீடு என்றால் வெள்ளைக்காரன் வீடு. அங்கே ஓடிக் கழித்த வண்டியிலிருந்து கழற்றி வந்த சாமான். பெட்டியில் புதுசாக வருவது போலியாக இருக்கும் என்று மேகஸினில் ஒருவரும் அதை நம்புவதில்லை. வீட்டுப் பழசுக்குத்தான் மதிப்பு, விலையும் அதற்கேற்ப.

"லேத்துக் கூலி, கேஸ்கட்டுன்னுதான என்கிட்ட வாங்கின? வீட்டுப் பழசு அதைப் போல மூணு மடங்கு. மிச்சம் யார் குடுத்தா?"

"கிறிஸ்துமஸ் வரைக்கும் ஞாயித்துக்கிழமைல மாஸ்டருக்கு பிக்கப் வண்டி ஓட்டறேன்னு சொல்லியிருக்கேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"விரிசல்னு சொன்னா நம்புவீங்களாம்மா? ஹெட்டைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஷெட் ஷெட்டா ஏறி இறங்குவீங்க. மாம்பாங்ல பிணம் நமக்காகக் காத்துக்கிட்டிருக்குமா?"

மாஸ்டர் பெஞ்சுக்கு அடியிலிருந்து பழைய ஹெட்டை இழுத்துப் போட்டார். மூலையில் சிவப்புப் பொட்டு இருந்தது. வால்வுகளுக்கு நடுவே மயிர்போல ஒரு கோடு. ஃப்ரேமா நகத்தால் கீறிப் பார்த்தாள். நகம் மாட்டியது.

"இந்த விரிசல் சூட்டுல விழுந்ததா, சுத்தியல்ல விழுந்ததா?"

"போச்சுடா," என்றார் மாஸ்டர்.

அவள் டார்க்வாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திருடுகிறவனை அவளுக்குத் தெரியும். அவன் அடுத்து என்ன செய்வான் என்றும் தெரியும். கொடுக்கிறவனைத்தான் எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை.

"அடுத்தவ வண்டிக்குத் தன் ஞாயித்துக்கிழமையை எவன் குடுப்பான்? உனக்கு இதுல என்ன வரும்படி?"

"வண்டி ஓடினாத்தான எனக்கும் சாப்பாடு."

"எல்லா டிரைவருக்கும் அப்படித்தான். எவன் குடுத்தான்? நாளைக்கு டிரைவர் யூனியன்ல போய் நிப்ப. ஹெட் என்னோடது, வண்டியில எனக்கும் பங்கு இருக்குன்னு."

டார்க்வா தள்ளுகதவை இழுத்துச் சாத்தினான்.

"சொல்லேன். பங்கு கேப்பியா, மாட்டியா?"

"பொட்டை வச்சுக்கங்கம்மா. ஹெட் உங்களோடதுதான்."

அவள் பையிலிருந்து நெயில் பாலிஷ் குப்பியை எடுத்தாள். மறுபடியும் பம்பர்மேல் ஏறி, புது ஹெட்டின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, காயும்வரை ஊதினாள். டார்க்வா பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலை வேன் சர்ச் வாசலுக்கு வந்தது. துக்கத்துக்கென்று கறுப்பும் சிவப்புமாக உடுத்திய பெண்கள் ஏறினார்கள். ஃப்ரேமா முன்சீட்டில் உட்கார்ந்து வழி முழுக்க இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மேட்டிலும் முள் பாதியைத் தாண்டவில்லை. மாம்பாங்கில் அடக்கம் முடிந்தது, சாப்பாடு போட்டார்கள். டார்க்வா மரத்தடியில் யாருடனோ போனில் பேசினான். திரும்பி வந்து பெண்களை இறக்கிவிட்டு, அவள் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்திச் சாவியைக் கொடுத்தான். திங்கட்கிழமையிலிருந்து ஒரு பேக்கரி வண்டி ஓட்டப்போவதாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் சொன்னபடி மாஸ்டரிடம் போய்விடுவான், ஹெட்டைப் பற்றி அவள் கவலைப்பட வேண்டாம் என்றான். எந்த பேக்கரி என்று கேட்டாள். சொன்னான். எத்தனை நாளாகப் பேச்சு நடக்கிறது என்று கேட்டாள். மத்தியானம்தான் பேசியதாகச் சொன்னான். அவள் நம்பவில்லை. அவன் ரோட்டைக் கடந்து, வந்த ட்ரோட்ரோ மினிபஸ்ஸில் ஏறிப் போனான்.