கிணற்றுக்குள் ஓர் ஏரி

சேற்றை நக்கிப் பார்க்காமல் பொன்னுரங்கம் உபாத்தியாயர் ஒரு நாளையும் தொடங்கியதில்லை. விடிந்ததும் வேட்டியைத் தொடைக்கு மேல் வரிந்து கட்டிக்கொண்டு ஏரியில் இறங்குவார். கால் விரலால் தரையைக் கிளறி ஒரு சிட்டிகைச் சேற்றை எடுத்து நுனி நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "உப்பு ஏறிக்கினு வருது. முகத்துவாரம் நல்லா தொறந்துக்கிச்சு" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுத் துப்புவார். வலை உதறிக்கொண்டிருக்கும் மீனவர்கள் தமக்குள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, அன்றைக்கு எந்தப் பக்கம் வலை போடலாம் என்று ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் பவுல். ஊரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. டச்சுக்காரர்களைப் பழவேற்காட்டில் உலாந்தாக்காரர் என்று சொல்லிவந்த காலம் அது. அவர்களுடைய கவர்னர் நாகப்பட்டினத்தில் இருந்தார். இங்கே கெல்திரியா கோட்டையும், துணிமூட்டைகள் ஏறும் துறையும், ஒரு கிறிஸ்தவக் கோயிலும் இருந்தன. கோயிலை ஒட்டி ஓலைக் கூரை போட்ட பள்ளிக்கூடம். அதற்கு உபாத்தியாயர் இவர். வாய் ஓயாமல் கேள்வி கேட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு கடலுக்குப் போக முடியாது என்று தகப்பன் அந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டான். விட்ட இடத்திலேயே படித்து, அங்கேயே பாடம் சொல்லிக்கொடுக்கவும் நின்றுவிட்டார்.

ஆள் கொக்கு மாதிரி. நீண்ட கழுத்து, முழங்கால் தெரியாத வெள்ளை அங்கி, காதுவரை இறங்கிய தலைப்பாகை. யார் எந்தச் சேதி கொண்டுவந்தாலும் கழுத்தைச் சாய்த்து ஒரே கேள்விதான் கேட்பார்: "பார்த்தியா, கேட்டியா?" துணி வியாபாரி அமீர் ஜான் ஒருநாள் மூச்சிரைக்க ஓடிவந்து மசூலிப்பட்டினத்துக் கப்பல் முழுகிவிட்டது என்றார்.

"பார்த்தியா, கேட்டியா?"

"கேட்டேன் வாத்தியாரே. துறை பூரா இதே பேச்சு."

"அப்ப இன்னும் முழுவலை. போய் சோறு துன்னு."

கப்பல் மறுநாள் பாய் விரித்து வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அமீர் ஜான் எந்தச் சேதியையும் இவரிடம் ஒரு தரம் சொல்லிப் பார்க்காமல் நம்புவதில்லை. மனைவி ராஜம்மாவிடம் மட்டும் இந்தக் கேள்வி செல்லாது. "நான் சொன்னா சொன்னதுதான். நீ ஒண்ணும் பார்க்க வாணாம்" என்று அடுப்பை ஊதிக்கொண்டே சொல்லிவிடுவாள்.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பக்தி குறைவு என்று யாராவது நினைத்தால் தப்பு. உலகம் ஆறு நாளில் உண்டான பாடத்தை அவர் நடத்துவதைக் கேட்கப் பிள்ளைகளின் தாய்மார்கள்கூட சன்னலோரம் வந்து நிற்பார்கள். அதிலும் மீன்கள் உண்டான ஐந்தாம் நாள் வந்துவிட்டால் குரல் தழுதழுக்கும். மடவை, கொடுவா, கெளுத்தி, இறால், நண்டு என்று ஏரியில் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். பிள்ளைகள் பின்னாலேயே பாடுவார்கள். கோட்டையில் சிப்பாய்களுக்கு ஜெபம் படிக்கும் ஹெண்ட்ரிக் என்ற உலாந்தாக்காரனுக்கு இது பிடிக்காது. பள்ளிக்கூடத்தை மேற்பார்வை பார்ப்பதும் அவன் வேலை. வேதபாடம் மீன் சந்தைபோல இரைகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போவான்.

அனுப்பம்பட்டிலிருந்து சம்பந்தம் என்ற குடியானவர் வந்த அன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பித்தது. நெல்வயலுக்காகக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தவர். பள்ளிக்கூட வாசலில் நின்று, "உங்க ஏரி எங்க கெணத்துல கெடக்குது வாத்தியாரே. வந்து எடுத்துக்கினு போங்க" என்றார்.

"பார்த்தியா, கேட்டியா?"

"என் கால்ல குத்தியே கிழிச்சிடுச்சு. இன்னா கேக்கறீங்க!" என்று பாதத்தைத் தூக்கிக் காட்டினார்.

உபாத்தியாயர் போனார். ஏரியிலிருந்து வெகு தூரம் உள்ளே, உப்புக் காற்றுகூட எட்டாத ஊர். களிமண்ணுக்குக் கீழே, ஓர் ஆள் உயரத்துக்கும் அதிகமாக, கிணற்றுச் சுவர் முழுக்கச் சிப்பி. கல்லில் ஒட்டி வளருமே, ஊரார் ஆளி என்பார்களே, அதே சிப்பி. அவர் சேற்றை நக்கினார். உப்பு. சுவரைக் கையால் தடவிக்கொண்டே நெடுநேரம் நின்றார். அலை அடித்துக் கொட்டிய குப்பையாக அது இல்லை. ஒரு சிப்பியின் முதுகில் இன்னொன்று ஒட்டி வளர்ந்து, அதன் முதுகில் வேறொன்று, அதன் மேல் குஞ்சுகள் என்று அடியிலிருந்து மேல்வரை போயிருந்தது. வாய் மூடியபடி, நின்ற இடத்திலேயே வாழ்ந்து நின்ற இடத்திலேயே செத்தவை. அடியில் இருந்தவற்றின் ஓட்டில் தடித்த வரிகள். மேலே வர வர வரி மெலிந்து, கடைசி அடுக்கில் இன்றைக்கு ஏரியில் கிடக்கும் ஆளியாகவே ஆகியிருந்தது.

பெரிய கட்டியாக ஒன்றைப் பெயர்த்துத் தோளில் சுமந்து வந்து பள்ளிக்கூட மேசைமேல் வைத்தார். இது எப்படி அங்கே போயிற்று என்று பிள்ளைகளைக் கேட்டார். நோவா காலத்து வெள்ளம் கொண்டுபோய்ப் போட்டது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் சொல்லிக்கொடுத்த பதில்தான். தாமோதரன் என்ற படகோட்டியின் மகள் எல்லம்மா மட்டும் கட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"தாத்தா மேல நைனா ஒக்காந்துக்கினு கீறாரு, நைனா மேல புள்ள. வெள்ளம் நாப்பது நாள்தானே வாத்தியாரே? அதுக்குள்ள இம்மாம் பேரு எப்டி பொறந்து வளந்தாங்க?"

"அதான் எனக்கும் தெரியலை" என்றார் உபாத்தியாயர். அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு பதிலை யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

தடித்த வரி முதல் மெல்லிய வரிவரை ஓடுகளை மேசைமேல் வரிசையாக அடுக்கி வைத்தார். வந்து போகும்போதெல்லாம் அதன் முன் நின்றுவிடுவார். ஜாதி ஜாதியாகப் படைக்கப்பட்டவை அப்படியே நிற்கின்றன என்றுதான் அவர் படித்திருந்தார். இங்கே ஒன்று மெல்ல மெல்ல இன்னொன்றாகிக்கொண்டு வந்திருக்கிறது. பயமாக இருந்தது. கோயிலில் தனியாக மண்டியிட்டு, "ஆண்டவரே, உம்ம படைப்பு வேலை முடிஞ்சுதா, இன்னும் நடந்துக்கினு இருக்குதா?" என்று கேட்டார். கேட்ட பிறகு பயம் போய், நெஞ்சுக்குள் ஏதோ பொங்கியது. இன்னும் நடந்துகொண்டிருந்தால் அது எவ்வளவு பெரிய வேலை!

இதெல்லாம் ஹெண்ட்ரிக்கின் காதுக்குப் போகாமல் இருக்குமா? நாகப்பட்டினத்திலிருந்து பள்ளிக்கூடத்தைப் பரீட்சிக்கத் தெக்கர் என்ற பாதிரியார் வந்து கப்பலை விட்டு இறங்கியதும் முதல் சேதியாக அதைத்தான் சொன்னான். வேதத்தைப் பொய்யாக்கும் ஓடுகளை மேசைமேல் வைத்து இந்த ஆள் பாடம் நடத்துகிறான்!

பரீட்சை அன்றைக்குக் கோயில் நிறைய ஜனம். கறுப்பு அங்கியில் பருத்த பாதிரியார் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் வராது, உபாத்தியாயருக்கு டச்சு வராது. இருவருக்கும் துறைமுகத்துப் போர்த்துகீசியம் வரும். அதனால் பாதிரியாரின் கேள்வியைப் பிள்ளைகளுக்கும், பிள்ளைகளின் பதிலைப் பாதிரியாருக்கும் உபாத்தியாயரேதான் சொல்ல வேண்டும்.

ஆறு நாள் பாடத்தை எல்லம்மா பிசகில்லாமல் ஒப்பித்தாள். பிறகு பாதிரியார், ஹெண்ட்ரிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்த சிப்பிக் கட்டியைக் காட்டி, இது எப்படி வந்தது என்று கேட்கச் சொன்னார். உபாத்தியாயரும் கேட்டார்.

"வெள்ளம் கொண்டாந்து போட்டிருந்தா ஒடஞ்சி கெடக்கும். இது அங்கியே குடும்பம் பண்ணிக்கினு இருந்திருக்குது" என்றாள் எல்லம்மா.

உபாத்தியாயர் பாதிரியாரின் பக்கம் திரும்பினார். அந்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிட்டால் போதும். வேலை நிலைக்கும், கோயில் வளாகத்தில் உள்ள வீடு நிலைக்கும். கோயிலில் அதைக் கண்டுபிடிக்கக்கூடியவன் ஹெண்ட்ரிக் ஒருவன்தான். அவனுக்கும் தமிழ் அரைகுறை. பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அவள் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தார்.

பாதிரியாரின் முகம் சிவந்தது. பிற்பகல் மணி அடித்ததும் சபை மறுபடி கூடும். அப்போது உபாத்தியாயர் எழுந்து, எல்லாம் வெள்ளத்தால் வந்ததே என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேலையும் வீடும் போகும் என்றார்.

வீட்டில் ராஜம்மா பிடிபிடியென்று பிடித்தாள். "இன்னாத்துக்குய்யா உனக்கு இந்த வம்பு? சிப்பி எப்டி வந்தா இன்னா? கொழம்பு வைக்கவா போற?" என்று கத்தினாள். அவர் வாசற்படியில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், பானைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, பழைய புடவையால் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"இன்னா பண்றே?"

"லேசா இருக்குறதை நான் தூக்கிக்கிறேன். அம்மியை நீ தூக்கு. பார்த்ததைப் பார்க்கலைன்னு உன்னால சொல்ல முடியாதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் எழுந்து தலைப்பாகையை இறுகக் கட்டிக்கொண்டார்.

சபை கூடியது. "நான் பார்த்தேன். ஐயா பார்க்கவில்லை" என்றார் உபாத்தியாயர். குரல் நடுங்கவில்லை. "வந்து பாருங்கள். பார்த்த பிறகும் வெள்ளம் என்று நீங்கள் சொன்னால் நான் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறேன்."

ஹெண்ட்ரிக் துள்ளி எழுந்தான். பாதிரியார் அவனைக் கையமர்த்தினார். மேசைமேல் இருந்த கட்டியை மடியில் எடுத்து வைத்து, கட்டை விரலால் அதன் வரிகளைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் பாதிரியாரின் பல்லக்கு புறப்பட்டது. பின்னால் பள்ளிக்கூடம் முழுக்க, அதன் பின்னால் பாதி ஊர். அனுப்பம்பட்டில் சம்பந்தத்தின் ஆட்கள் ஊறிய தண்ணீரை இறைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். ராட்டினத்தில் வடம் போட்டுப் பலகை கட்டியிருந்தது. பாதிரியார் மேலே நின்று எட்டிப் பார்ப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி ஒரு பையனிடம் கொடுத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார். "மெதுவா! மெதுவா!" என்று சம்பந்தம் கத்த, அத்தனை பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வடத்தை விட்டார்கள். உபாத்தியாயர் முன்னமே கீழே இறங்கி நின்றிருந்தார்.

கீழே இருவரும் முழங்கால் சேற்றில் தோளோடு தோள் நின்றார்கள். பாதிரியார் சுவரைத் தொட்டார். ஒரு சிப்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது தன் கீழே இருந்ததை விடவில்லை. அதன் கீழே இருந்ததும் அடுத்ததை விடவில்லை.

"என் தகப்பனார் தோட்டத்திலும் தோண்டினால் சிப்பி வரும்" என்றார் பாதிரியார் கடைசியில். "எங்கள் நாட்டில் தரை தாழ்வு, கடல் எங்களுக்கு மேலே இருக்கிறது. இது எப்படி வந்தது என்று சிறுவனாக இருந்தபோது கேட்டேன். வெள்ளம் என்றார்கள். நானும் இத்தனை காலம் அதையே சொல்லி வந்தேன்." சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார். "இது வெள்ளம் இல்லை."

"இந்த வரிகள் மாறியிருக்கின்றனவே ஐயா. ஒரு ஜாதி இன்னொன்றாக மாறுமா?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாது என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா?"

பாதிரியார் சேறு பூசிய முகத்தோடு அவரைத் திரும்பிப் பார்த்தார். அப்படியே சிரிக்க ஆரம்பித்தார். கிணறு முழுக்க அந்தச் சிரிப்பு சுழன்று மேலே வந்தது. மேலே நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் அவர்களும் சிரித்தார்கள்.

மேலே வந்ததும் பாதிரியார் உரக்கச் சொன்னார், உபாத்தியாயர் அதைத் தமிழில் இன்னும் உரக்கச் சொன்னார்: ஆறு நாள் பாடம் அப்படியே நடக்கும். அது முடிந்ததும் பிள்ளைகளை இந்தக் கிணற்றுக்கு அழைத்து வர வேண்டும். கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். இந்த உபாத்தியாயரே பாடம் நடத்துவார், அதே வீட்டில் இருப்பார்.

கடைசி வார்த்தையைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். எல்லம்மா தன் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி ஓடினாள். சம்பந்தத்தின் ஆட்கள் தண்ணீர் இறைக்கும் சால் வாளியைத் தட்டித் தாளம் போட்டார்கள். "அப்ப பானை மூட்டையை அவுக்கட்டுமா?" என்று கூட்டத்திலிருந்து ராஜம்மா கத்தினாள். ஊரே சிரித்தது.

அந்தக் கும்மாளத்தில் ஹெண்ட்ரிக் ஒருவன்தான் வரப்போரம் தனியாக நின்றான். பார்வை கிணற்றின் வாயிலேயே இருந்தது. உபாத்தியாயர் அதைக் கவனித்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராட்டினத்தருகே போனார். சேறு ஒழுகிய பலகையைத் தன் வெள்ளை அங்கியின் முனையால் துடைத்தார். வடத்தின் முதல் பிடியைத் தானே பிடித்துக்கொண்டு, பலகையை ஹெண்ட்ரிக்கின் பக்கம் திருப்பி வைத்தார்.