மூன்று நாள் மல்லிகை

அந்த விண்ணப்பத்தை நான் ஐந்து முறை எழுதினேன். முதல் இரண்டு தாளும் மை சிந்திக் கெட்டன. மூன்றாவது நன்றாகவே வந்திருந்தது. என் கணவர் வாசித்துப் பார்த்துவிட்டு, "தாழ்மை பத்தாது. கீழே இன்னொரு எடத்துல போடு" என்றார். நான்காவதை எழுதி முடித்து, மை காயட்டும் என்று தரையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால், என் மகள் தவழ்ந்து வந்து தாளின் நடுவில் கையை ஊன்றி உட்கார்ந்திருக்கிறாள். அப்போது அவளுக்கு எட்டு மாதம் நடந்துகொண்டிருந்தது. ஐந்து விரலும் உள்ளங்கையும் நீல மையில் பதிந்து, நான் படித்துத் தேறிய பள்ளியின் பெயர் அதற்கடியில் கரைந்து போயிருந்தது.

ஐந்தாவது தாள்தான் தபாலில் போயிற்று. நான்காவதைக் கிழித்துப்போட மனம் வராமல் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

நாங்கள் அப்போது பீளமேட்டில் ஒரு மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் அந்த மில்லின் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். பஞ்சுத் தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருமல் வந்து, போகாமல் தங்கிவிட்டது. நல்ல காற்று உள்ள இடத்தில் ஒரு வருஷமாவது இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மில்லில் அவருடைய நாற்காலிக்கு வேறு ஆள் வந்துவிட்டார். ஆனாலும் காலையில் சங்கு ஊதினால் இவர் எழுந்து நின்றுவிடுவார். பிறகு நினைவு வந்து மெல்ல உட்காருவார். அதைப் பார்க்காததுபோல நான் பாத்திரத்தைத் தேய்ப்பேன்.

என்னிடம் ஒரு சர்ட்டிபிகேட் இருந்தது. கல்யாணத்துக்கு முன் எட்டாவது தேறி, இரண்டு வருஷம் ஆசிரியப் பயிற்சியும் முடித்திருந்தேன். எனக்குப் பயிற்சி கொடுத்த தலைமை ஆசிரியைக்கு எங்கள் நிலையை எழுதினேன். அவர் பதில் போட்டார். தாராபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கு ஆசிரியை தேவை. பள்ளிக்கு உள்ளேயே தங்க அறை உண்டு. கடைசி வரியில், முன்பு இருந்த ஆசிரியை குழந்தைக்குப் பால் கொடுக்க அடிக்கடி வகுப்பை விட்டுப் போனதால், கைக்குழந்தைக்காரியை இனி எடுப்பதில்லை என்று கமிட்டியில் பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தார். "உனக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது" என்றும் இருந்தது. என் மகள் பிறந்த சேதியை அவருக்கு நான் எழுதியிருக்கவில்லை.

"அவங்க கேட்டாச் சொல்லிக்கலாம். கேக்காததை எதுக்கு எழுதோணும்?" என்றார் என் கணவர்.

"அது பொய் ஆகாதுங்களா?"

"எழுதாம உட்டது எப்படிப் பொய்யாகும்?"

எனக்குச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் எழுதவும் இல்லை. சர்ட்டிபிகேட்டுகளுக்கு நகல் எடுத்து, தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கையெழுத்து வாங்கி, நன்னடத்தைக் கடிதத்தையும் சேர்த்து உறைக்குள் வைத்தேன். வயது, படிப்பு, கணவர் பெயர், ஊர் எல்லாம் அதில் இருந்தன. அவள் மட்டும் இல்லை. தபால் பெட்டி வரைக்கும் அவளைத்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன்.

சித்திரை பிறந்து சில நாட்களில், நேரில் வரச்சொல்லிக் கார்டு வந்தது. கோயமுத்தூரில் ஓர் ஆபீசில் இன்டர்வியூ. உடனே கிணத்துக்கடவுக்கு ஆள் சொல்லி அனுப்பி, என் கணவரின் அக்காவை வரவழைத்தோம். நான் அவரை நங்கையா என்றுதான் கூப்பிடுவேன். நங்கையா வந்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டார். நான் பாடப் புத்தகங்களை எடுத்து வைத்து உட்கார்ந்தேன்.

சாயங்காலங்களில் என் கணவர் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு டிரங்குப் பெட்டி மேல் உட்காருவார். நான் எதிரில் நிற்க வேண்டும்.

"ஏனுங் டீச்சரம்மா, கழித்தல் கணக்கை எப்படிச் சொல்லிக் குடுப்பீங்?"

"புளியங்கொட்டையை வெச்சுங்க. பத்து கொட்டையை எண்ணச் சொல்லி, மூணை எடுத்து மறைச்சு வெச்சுட்டு..."

"கொட்டை இருக்கட்டும். கை எங்க போவுது? எதுக்குத் தாலியைத் திருகறே? அதையா சர்ட்டிபிகேட்டுன்னு காட்டப் போறே?"

சமையல் பக்கமிருந்து நங்கையா சத்தம் போடுவார்: "நீ சும்மா இருடா. அவளே பயந்து கெடக்கறா. இவன் ஒருத்தன் கலெக்டராட்டக் குந்தீட்டு!"

எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்புக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. சிரித்தால் அவருக்கு இருமல் வரும். அடங்கியதும் துண்டைச் சரிசெய்துகொண்டு மறுபடி ஆரம்பிப்பார்.

"குழந்தை குட்டி உண்டா?"

இதற்கு மட்டும் பதிலை எழுதியே வைத்திருந்தோம். 'குடும்பப் பொறுப்பைப் பார்த்துக்கொள்ள என் நாத்தனார் இருக்கிறார்.' உண்டு என்றும் இல்லை; இல்லை என்றும் இல்லை. அதைத் தடுமாறாமல் சொல்லும்வரை திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூளியில் குழந்தை அழும். என் ரவிக்கை நனைந்துவிடும்.

நங்கையாதான் அதைக் கவனித்தார். "இப்படியே போய் நின்னீனா அவங்க கேக்கவே வேண்டியதில்ல அம்மணி. ரவுக்கையே சொல்லிப்போடும்."

"என்னங்க செய்யறது?"

"மல்லிப்பூவை வெச்சுக் கட்டோணும். மூணு நாள்ல பால் வத்திப் போயிரும். எப்படியும் நீ தாராபுரம் போனா நிறுத்தித்தான ஆகோணும்?"

"வத்துமுங்களா?"

"எனக்கு ரெண்டு தடவ கட்டுனாங்களே" என்றார். சொல்லிக்கொண்டே உதிரி மல்லிகையை முறத்தில் கொட்டிக் காம்பு கிள்ளினார்.

நங்கையாவுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் ஒரு வயது நிறையாமலே போய்விட்டவை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தையை நான் நின்று கேட்கவில்லை. இன்டர்வியூவுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பூவை மார்பில் பரப்பி, வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். வாடினதை எடுத்துவிட்டுக் காலையும் மாலையும் புதுப் பூ வைப்பார். முதல் நாள் கல்லைச் சுமப்பதுபோல வலித்தது. குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழும் பசும்பாலும் கொடுத்தார்கள். அவள் பால் புகட்டும் பாலாடையைத் தட்டிவிட்டு என் பக்கம் கையை நீட்டுவாள். தூக்கினால் முகத்தை மார்பில் வைத்துத் தேய்ப்பாள். மூன்றாம் நாள் கையை நீட்டவில்லை. நங்கையாவின் தோளிலேயே தூங்கிப் போனாள். அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இன்டர்வியூவுக்குத் தலையில் பூ வைக்க வேண்டாம், பார்க்கக் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று என் கணவர் சொல்லியிருந்தார். மார்பில் கட்டினதை மட்டும் வீடு திரும்பும்வரை அவிழ்க்கக் கூடாது என்று நங்கையா சொன்னார். இருவர் சொன்னதையும் கேட்டேன். யார் என்ன சொன்னாலும் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம்.

மேஜைக்குப் பின்னால் இரண்டு ஆண்களும் ஓர் அம்மாவும் இருந்தார்கள். அந்த அம்மா பெண்கள் பள்ளிகளைப் பார்வையிடும் இன்ஸ்பெக்டர். வெளியூர்ப் பேச்சு, மூக்குக் கண்ணாடி, கரையில்லாத வெள்ளைப் புடவை. அறை புழுக்கமாக இருந்தது. கழித்தல் கணக்கைக் கேட்டார்கள், புளியங்கொட்டையைச் சொன்னேன். மூவரும் தலையசைத்தார்கள். ஒரு பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். குரல் நடுங்கவில்லை. தாலியையும் திருகவில்லை.

பெரியவர் ஒருவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "குழந்தை குட்டி உண்டாம்மா?" என்றார்.

மனப்பாடம் செய்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் அந்த அம்மா தலை நிமிர்ந்தார். என் வெறுங்கூந்தலைப் பார்த்தார். பிறகு மார்புப் பக்கம் பார்த்தார். புழுக்கத்தில் மல்லிகை வாசம் எனக்கே மூச்சை அடைத்தது.

"அந்தக் கேள்வி வேண்டாம் சார். நான் தனியாப் பேசிக்கிறேன்" என்றார்.

என்னை வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். எல்லாம் போயிற்று, கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். சிறிது நேரத்தில் அவர் வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"மல்லிகை கட்டியிருக்கியா?"

"ஆமாங்க."

"எத்தனை நாளாச்சு?"

"மூணு நாளுங்க."

"எத்தனை மாசம்?"

"எட்டு மாசமுங்க."

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மூணே நாள்ல எழுந்து வந்திருக்கியேம்மா. உன் வீட்டுல அவ்வளவு கஷ்டமா?" என்றார். அவர் கண்ணில் நீர் இருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் குழந்தை இறந்துவிட்டது என்று நினைக்கிறார். நினைக்காமல் என்ன செய்வார்? குழந்தை உயிரோடு இருக்க, எட்டு மாதத்தில் எந்தத் தாய் மார்பில் பூக் கட்டுவாள்? எங்கள் பக்கத்தில் அடுத்தது வயிற்றில் வரும்வரை பால் கொடுப்பார்கள். பூவை இறந்த குழந்தையின் தாய்க்குத்தான் கட்டுவார்கள். நங்கையாவுக்கு இரண்டு தடவை கட்டினதும் அதற்குத்தான்.

'அவள் இருக்கிறாளுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மில் சங்கு ஊதும்போது என் கணவர் எழுந்து நின்று உட்காருவது நினைவுக்கு வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்திலா, வலியிலா, அவருடைய இரக்கத்திலா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அந்த அழுகையே பதிலாகிவிட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பள்ளிக்கூடம் நிறையக் குழந்தைங்க இருக்கு. வா. மனசு ஆறும்" என்றார்.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. நடந்ததை வீட்டில் சொன்னேன். என் கணவர், "நம்ம வாயால சொல்லலியே" என்றார். நங்கையா உப்பும் மிளகாயும் எடுத்துவந்து குழந்தையை மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டார். அதன் பிறகு, "அந்த நெனப்பு இவ மேல ஒட்டக்கூடாது கண்ணு" என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

நான் தாராபுரம் போனேன். என் கணவரும் குழந்தையும் கிணத்துக்கடவுக்கு நங்கையா வீட்டுக்குப் போனார்கள். தென்னந்தோப்புக் காற்று அவருக்கு நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். நல்லதாகத்தான் இருந்தது.

எனக்கு முன்பே என் துக்கம் அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இன்ஸ்பெக்டரம்மா அங்கிருந்த தலைமை ஆசிரியையிடம் சொல்லியிருந்தார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நான் உள்ளே நுழைந்தால் பிள்ளைப் பேச்சு நின்றுவிடும். ஓர் ஆசிரியை தன் அக்காள் குழந்தையைத் தூக்கி வந்தவள், என்னைக் கண்டதும் வந்த வழியே திரும்பிவிட்டாள். ஆயா என் தலையைத் தடவி, "அழுதுருங்க டீச்சர். உள்ளயே வெச்சுக்கக் கூடாதுங்க" என்பாள். நான் அழுவேன். அவளும் சேர்ந்து அழுவாள். அந்த நல்ல மனுஷியை இப்படி அழவைக்கிறோமே என்று அதற்கும் அழுவேன்.

தாராபுரம் கடைவீதியில் ஒரு சின்னக் கவுன்கூட நான் வாங்கியதில்லை. லீவுக்கு ஊருக்குப் போகும்போது பொள்ளாச்சியில் பஸ் மாறுகிற இடத்தில் அவசரமாக வாங்குவேன். அளவு ஒருபோதும் சரியாக இராது. நான் மனத்தில் வைத்துப் போகும் உடம்பைவிட அவள் வளர்ந்திருப்பாள்.

இந்த வருஷம் பரீட்சைப் பார்வைக்கு இன்ஸ்பெக்டரம்மா வந்தார். என் வகுப்பை மெச்சி எழுதினார். போகும்போது தனியே அழைத்து, "மறுபடி ஒண்ணும் இல்லையாம்மா? வரும், கவலைப்படாதே" என்றார். அவருக்கு எழுதவென்று ஒரு கடிதத்தைப் பலமுறை தொடங்கியிருக்கிறேன். தாழ்மையுடன் என்று ஆரம்பித்து, அதற்கு மேல் போவதில்லை. உண்மை தெரிந்தால் வேலை போய்விடும் என்பது ஒரு காரணம். அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பதுதான் பெரிய காரணமோ என்று சில சமயம் தோன்றும்.

என் மகளுக்கு இப்போது நாலு வயது ஆகப்போகிறது. நங்கையாவை அம்மா என்கிறாள். என் கணவர் பழைய வேடிக்கையை விடாமல் என்னை டீச்சரம்மா என்றே கூப்பிடுவதால் அவளும் அப்படியே கூப்பிடுகிறாள். நங்கையா திருத்தாமல் இல்லை. "அம்மா அவங்கதான் கண்ணு, நான் அத்தை" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். குழந்தை அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறாள்.

இந்தச் சித்திரை லீவில், நான் பெட்டியைத் திறந்து புதுக் கவுனை எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் புடவைகளைக் கிளறி அந்த நான்காவது தாளை வெளியே இழுத்தாள். நீலக் கறை மங்கிப் பழுப்பு ஓடியிருந்தது.

"இது யாரு கை டீச்சரம்மா?"

"ஒரு பாப்பா கை கண்ணு. நான் எழுதி வெச்சுட்டுப் போனப்போ வந்து கைய வெச்சுட்டா."

"அடிச்சீங்களா?"

"இல்ல. அடிக்கல."

அவள் தன் கையை அந்தக் கறையின் மேல் வைத்துப் பார்த்தாள். எல்லா விரலும் வெளியே நீண்டன. "எங்கைதான் பெருசு" என்றாள் சந்தோஷமாக. பிறகு கேட்டாள்: "அந்தப் பாப்பா இப்ப எங்க?"

நான் புதுக் கவுனின் மடிப்பைப் பிரித்தேன். ஒரு காலத்தில் எல்லாக் கேள்விக்கும் பதில் தயார் செய்து வைத்தவள் நான். உள்ளேயிருந்து நங்கையா சாப்பிடக் கூப்பிட்டார். "வாரேம்மா" என்று குரல் கொடுத்துக்கொண்டு, தாளை என் மடியில் போட்டுவிட்டு அவள் ஓடிவிட்டாள்.