பட்டறைக்கு வந்த இத்தாலிக்காரர்

அன்று என் பனியன் பிரிண்டிங் பட்டறையில் மூன்றே பேர்: நான், சாம்பிள் பார்க்க வந்த இத்தாலிக்காரர், அவர் பேச்சைத் தமிழில் சொன்ன பெண். நான் வேலை செய்து தரும் கம்பெனி ஆட்கள் பார்த்துவிடுவார்களோ என்று ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.

நரைத்த புருவக்காரர். எந்தப் பிரிண்டையும் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். ஒரு பனியனில் இருந்த விமானப் படத்தைச் சுரண்டியபடி ஏதோ சொன்னார்.

"இவரு தாத்தா ரெண்டாம் உலகப்போர்ல விமானம் ஓட்டுனவராமுங்கண்ணா. இவங்க நாடு சண்டைய நிறுத்துனதும், ஜெர்மன்காரங்கள உட்டுட்டு எதிர்ப்பக்கம் சேந்துட்டாங்களாம். அதே பிளேன்தானுங்க, சின்னத்த மட்டும் அழிச்சு வேற வரைஞ்சாங்களாம்."

"பழைய கூட்டாளிக சும்மா உட்டாங்களா அம்மணி?"

"பெயிண்டு காயறதுக்குள்ள சுட்டாங்களாமுங்க. நீங்களும் உங்க கம்பெனிய உட்டுட்டு இவருகிட்ட வந்துருங்கங்கறாரு."

அவர் சிரிக்கவில்லை. அந்த நகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"யோசிக்கிறேனுங்க" என்றேன். கம்பெனியில் வாங்கிய அட்வான்ஸில் கழியாத பாக்கி, இரண்டே முக்கால் லட்சம்.