பாட்டு லிஸ்ட்டின் பின்பக்கம்

உடைத்த பூசணிக்காயும் குங்குமமும் மெஷின் ஆயிலும் கலந்த ஒரு வாசனை... ஆயுத பூஜையன்று எங்கள் ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் காலையிலேயே அது மூக்கில் ஏறிவிடும். மாலையானால் ஆம்ப்ளிஃபயர் சூடேறும் வாசனையும் சேர்ந்துகொள்ளும். பிறகு தேவராஜனின் குரல்.

இந்த வாரம் முழுவதும் நம் வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் விவாதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாலியல் புகாருக்கு ஆளான பாடகரின் பாட்டை இனி ரசிக்கலாமா, கூடாதா என்று. "பாட்டு வேற, ஆளு வேற" என்கிறார்கள் பாதிப் பேர். வக்கீல் ஏன் வாயே திறக்கவில்லை என்று இருவர் கேட்டிருந்தீர்கள்.

சொல்கிறேன்.

எண்பதுகளின் இறுதி. நான் வக்கீலாகப் பதிவு செய்து ஓராண்டுகூட ஆகவில்லை. அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். சட்டம் படித்தவன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற இரண்டே தகுதிகளுக்காக எங்கள் தெரு விழாக் குழுவுக்கு என்னைச் செயலாளராக்கியிருந்தார்கள்.

தேவராஜன் பகலில் ஸ்டோர்ஸ் கிளார்க். மாலையில் சொந்தமாக ஓர் ஆர்கெஸ்ட்ரா. அவர் மேடை ஏறுகிறார் என்றால் நெமிலிச்சேரியிலிருந்தெல்லாம் சைக்கிளில் வந்து நிற்பார்கள். பரீட்சையில் தோற்று வீட்டில் முகம் காட்ட முடியாமல் இருந்த ஒரு வருடத்தை நான் அவர் குரலைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தேன். மிகைப்படுத்தவில்லை.

அவருடன் டூயட் பாடிய பெண் புனிதா. இருபது வயது. அவளுடைய அப்பாவுக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை. பூஜைக்குப் பத்து நாள் இருக்கையில் தன் அம்மாவோடு குழு அறைக்கு வந்தாள். ரிகர்சல் முடிந்து மற்றவர்கள் போன பிறகு தேவராஜன் தன்னிடம் எப்படி நடந்துகொண்டார் என்று சொன்னாள். எதையும் கூட்டாமல், தரையைப் பார்த்தபடி.

குழுத் தலைவர் மாணிக்கம் அண்ணன் நெளிந்தார். "நோட்டீஸ் எல்லாம் ஒட்டிக்கினு கீறோம். இப்போ போயி இன்னாமா இது... வக்கீலு, நீயே வெசாரிப்பா. நமக்கு இதெல்லாம் வராது."

விசாரித்தேன். மேஜைமேல் கிடந்த ஒரு தாளின் வெற்றுப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். என்ன தேதி? எத்தனை மணி? கதவு சாத்தியிருந்ததா, தாழிட்டிருந்ததா?

"மொத தடவைக்கு அப்புறமும் ஏம்மா ரிகர்சலுக்குப் போனே?"

"போகலன்னா வேற பொண்ண பாட வச்சிடுவாருண்ணா."

"சாட்சி யாராவது?"

"சாட்சிய பக்கத்துல வச்சிக்கினா தம்பி இதெல்லாம் பண்ணுவாங்க?" என்றார் அவள் அம்மா.

நியாயமான கேள்வி. அதை மட்டும் நான் குறித்துக்கொள்ளவில்லை.

பக்கம் நிறைந்ததும் தாளைத் திருப்பினேன்... பூஜை நிகழ்ச்சிக்காக நான் எழுதி வைத்திருந்த பாட்டு லிஸ்ட் அது. மூன்றாவது பாட்டுக்கு எதிரே 'என் விருப்பம், அவசியம்' என்று சிவப்பு மையில் எழுதி, கோடும் போட்டிருந்தேன். சட்டென்று கவிழ்த்துவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

மறுநாள் தேவராஜனைக் கேட்டேன். மறுத்தார். என் அறிக்கை ஒன்றரைப் பக்கம். 'புகாருக்குப் போதிய ஆதாரம் இல்லை. நிகழ்ச்சியை நிறுத்த முகாந்திரம் இல்லை.'

மாணிக்கம் அண்ணன் முதுகில் தட்டினார். "மாமே, நீ ஜட்ஜாவே ஆயிடுவ. இன்னா எழுத்து..."

பூஜையன்று வேறொரு பெண் வந்து பாடினாள். புனிதா வீட்டு ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மைக்செட்காரர் ஒரு ஸ்பீக்கரை அந்த வீட்டைப் பார்த்துத்தான் கட்டியிருந்தார். மூன்றாவதாக என் பாட்டு. கூட்டம் 'ஒன்ஸ் மோர்' கேட்டது.

நானும் கேட்டேன்.

ஒன்றைத் துல்லியமாகச் சொல்லிவிட வேண்டும். எந்த நீதிமன்றமும் தேவராஜனைக் குற்றவாளி என்று சொன்னதில்லை. கடைசிவரை மாலை மரியாதையோடு பாடிவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். ஆகவே இங்கும் 'புகார்' என்ற சொல்லை நான் தாண்டவில்லை. ஆனால் என்னைப் பற்றி நானே சாட்சி சொல்லலாம். அவள் பேசி முடித்தபோதே நான் அவளை நம்பினேன். நம்பிக்கொண்டேதான் தேதி கேட்டேன். வக்கீல் விசாரிக்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த மூன்றாவது பாட்டு எங்கே நின்றுபோய்விடுமோ என்று பயந்த ரசிகன்தான் விசாரித்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் குமணன்சாவடி பஸ் நிறுத்தத்தில் புனிதாவைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. "நல்லா கீறீங்களாண்ணா?" என்று அவளே பேச்சைத் தொடங்கினாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "இப்பவும் பாடறியாம்மா?" என்றேன்.

"எங்கண்ணா..." பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு அந்த மூணாவது பாட்டு எங்க ஊடு வரைக்கும் கேட்டுச்சு. செகப்பு இங்க்ல கோடு போட்டு வச்சிருந்தீங்களே, அது."

மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து, தலைகீழாக, அந்த ஒரு கணத்தில் படித்திருக்கிறாள்.

"ஒன்ஸ் மோர்கூட கேட்டாங்க. உங்களுக்கு நல்லா இருந்துச்சாண்ணா?"

குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நல்லா இருந்துச்சும்மா."

தலையாட்டினாள். பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.

அன்று அந்தப் பாட்டை ஒருமுறை கேட்க வருடம் முழுவதும் காத்திருக்க வேண்டும். இன்று, மைக்செட்காரர் பதிவு செய்து கொடுத்த கேசட்டை என் மகன் ஃபோனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். விரல் பட்டால் போதும். வானகரம் தாண்டும்போது சில நாள் போடுகிறேன்... கார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு.

இப்படிப்பட்டவர்களின் பாட்டை இனியும் ரசிக்க முடியுமா என்றுதானே கேட்கிறீர்கள்?

முடிகிறது. அன்றும் முடிந்தது.