மூணு மணி ரிசல்ட்

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாவதுவரை படித்ததும் மலையாளத்தில்தான். தமிழ் எழுத்தை அம்மா சொல்லிக்கொடுத்தாள். பிறகு மளிகை கட்டி வரும் பத்திரிகைத் தாள்களைப் படித்துப் படித்துக் கொஞ்சம் பழகிக்கொண்டேன். வீட்டுக்கு யாராவது வந்தால் அடுக்களைக்குள் போய் நின்றுகொள்கிற சுபாவம் எனக்கு. பேசவே கூசுகிறவள் எழுத உட்கார்ந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அண்ணனைப் பற்றி மட்டாஞ்சேரியில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அவனோடு ஒரே வீட்டில் இருந்தவள் நான். எனக்குத் தெரிந்ததையும் சொல்லிவைக்கலாம் என்றுதான்.

எங்களுக்குத் தோசைமாவு வியாபாரம். கடை என்று தனியாக இல்லை, வீட்டு முன்னறைதான். அண்ணியும் நானும் அரைப்போம். அண்ணன் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பான். பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய. அந்த வீடுகளில் அண்ணன் வாசலில் நிற்க மாட்டான். நேராக உள்ளே போய் ஃபிரிட்ஜைத் திறந்து மாவை வைத்துவிட்டு, பழைய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வருவான். காஸ் தீர்ந்திருந்தால் சிலிண்டர் மாற்றிக் கொடுப்பான், பல்பு போட்டுக் கொடுப்பான். "மாவுக்காரனா, கதவு திறந்துதான் இருக்கு" என்று உள்ளிருந்தே குரல் வரும்.

அரசு லாட்டரிக்குத் தினமும் மூன்று மணிக்கு ரிசல்ட். டிக்கெட் வாங்குவதில் குற்றமில்லை, ஊரே வாங்குகிறது. ஆனால் டிக்கெட் இல்லாமலே, முதல் பரிசின் கடைசி மூன்று எண்ணை முன்கூட்டிச் சொல்லிப் பந்தயம் கட்டுகிற ஒன்று உண்டு. இங்கே அதற்கு 'எழுத்து' என்று பேர். சட்டவிரோதம். சாயாக்கடைப் பக்கம் ஒரு சேட்டன் ஃபோனில் நம்பர் வாங்குவார். போலீஸ் ஜீப் வந்தால் அவர் சும்மா சாயா குடிக்க வந்தவர்.

இது கெடுதல் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்படியும் அந்த ஆரம்ப நாட்களை நினைத்தால் சிரிப்பு வந்துவிடுகிறது. காலையில் பல் விளக்கும் முன்பே அண்ணன் கேட்பான்.

"கனவு ஏதாச்சும் வந்துதா?"

"ஒரு பூனை வந்துது."

"பூனைக்கு நாலு கால். ரெண்டு காது. ஒரு வாலு. நானூத்தி இருபத்தொண்ணு."

"ரெண்டு கண்ணு எங்கே போச்சு?" என்பாள் அண்ணி, உளுந்தை அள்ளிக்கொண்டே.

"தூங்குற பூனைடி அது."

பஸ் நம்பர், கரண்ட் பில், கோயிலுக்குப் போன வழியில் பார்த்த வண்டி என்று எங்களுக்கு எல்லாமே மூன்று எண்ணாகத் தெரிந்த காலம். மூன்று மணி ஆனால் கிரைண்டரை நிறுத்திவிட்டு ஃபோனைச் சுற்றி உட்காருவோம். நான் அடுக்களைக் கதவோரம். ஒரு எண் தப்பினால் "அடுத்த வீட்டுக்கு வந்துட்டுப் போயிருக்கா லட்சுமி" என்பான். ஒரே ஒருமுறை மூன்றும் வந்தது. அன்று மாவு அரைக்கவில்லை. ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்குப் போனோம். புரோட்டாவும் பீஃப் இல்லாத ஏதோ குருமாவும், எங்களுக்கென்று தனியாகச் செய்யச் சொல்லி வாங்கிக்கொடுத்தான். கரையோரச் சீன மீன்வலைக்குப் பக்கத்தில் நின்று அண்ணி ஐஸ்கிரீம் சாப்பிட்டதையும், அது புடவையில் வடிந்ததையும், அவன் தன் கைக்குட்டையை நனைத்துத் துடைத்ததையும் நான் இன்னும் மறக்கவில்லை. அப்படி ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்குப் பிறகு வரவில்லை.

அந்த ஒரு ஜெயிப்புதான் அவனைக் கொண்டுபோனது. எப்போது சிரிப்பு நின்றது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கனவைக் கேட்பதை விட்டுவிட்டான். இரண்டு கிரைண்டரில் ஒன்று "ரிப்பேருக்கு" போனது, திரும்பவில்லை. அண்ணியின் சங்கிலி போனது. மூன்று மணிக்கு அவன் எங்களோடு உட்காருவதில்லை. சாயாக்கடைக்குப் போய்விடுவான். இருட்டு முகத்தோடு திரும்புவான்.

விஷுவுக்கு முந்தின நாள் அது. எங்களுக்கு ஓயாத வேலை. காலை விநியோகம் முடித்து வந்த அண்ணன், விடியலில் அரைத்து வைத்திருந்த மாவு வாளிகளின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு குளிக்கப் போனான். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அடுத்த வீட்டுச் சேச்சி வந்து சொன்னாள்.

"அறிஞ்சோ? டீச்சரோட வளையைக் காணோமாம். அந்தத் தமிழ்ப் பெண்ணைப் போலீஸ் கொண்டுபோச்சு."

டீச்சர் எங்கள் பழைய வாடிக்கை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாக இருந்தார். கைக்குத் தைலம் தேய்க்கும்போது வளையைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைப்பது அவர் வழக்கம். அந்த வீட்டோடு தங்கி வேலை செய்தவள் தேனிப் பக்கத்துப் பெண். இந்த ஊரில் தமிழ் பேச ஆள் கிடைத்தது என்று அண்ணனுக்குத் தினமும் சாயா போட்டுக் கொடுப்பாள். டீச்சரின் மகன் துபாயிலிருந்து ஃபோனில் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டிருந்தார்.

"அந்தப் பொண்ணா? இருக்காது" என்றாள் அண்ணி.

"ஆருக்கறியாம்" என்று கையை விரித்துவிட்டுச் சேச்சி போனாள். அண்ணன் மோர் விட்டுச் சாப்பிட்டு எழுந்தான். ரிசல்ட் பார்க்கப் போனான்.

மாவு பொங்கும்போது அந்தப் பாத்திரத்தைத் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம். போட்டதே அண்ணன்தான். அந்தச் சட்டத்தை நம்பித்தான் அவன் அதைச் செய்தான். ஆனால் பங்குனி வெயிலில் மாவு சாயங்காலம்வரை காத்திருக்காது, மத்தியானத்திலேயே எழுந்துவிடும். மாவு விற்கிறவன் இதை மறக்கவே கூடாது. முன்பெல்லாம் அவன்தான் வந்து வந்து மூடியைத் தூக்கிப் பார்ப்பான்.

ஓரத்து வாளி மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. பாதியை வேறு பாத்திரத்துக்கு மாற்ற நான் கையை விட்டு அள்ளினேன். அடியில் விரலில் ஏதோ வளையமாக மாட்டியது. வெளியே எடுத்தேன். மாவைத் துடைக்காமலே யாருடையது என்று தெரிந்துவிட்டது. கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பாக்கெட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அண்ணி பார்த்தாள். நூலைக் கீழே வைத்தாள்.

அண்ணன் உள்ளே வந்தபோது வளை நடுத்தரையில் ஒரு தட்டில் இருந்தது.

"இன்னைக்கு வந்துதா நம்பர்?" என்று கேட்டாள் அண்ணி.

அவன் தட்டைப் பார்த்தான். "திருப்பி வெச்சிருப்பேன். இன்னைக்கு மட்டும் விழுந்திருந்தா எழுத்துக் கடன் அடைஞ்சிருக்கும், வளையை நாளைக்குக் காலையிலேயே ஃபிரிட்ஜ் மேல வெச்சிருப்பேன். சத்தியமா."

"நீங்க நாளைக்கு வைக்கிறவரை அந்தப் பொண்ணு ஸ்டேஷன்ல உக்காந்திருக்கட்டுமா?"

"அவளை ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"அப்போ உங்களையும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. வாங்க."

"ராத்திரி டீச்சர் வீட்டு ஜன்னல்ல போட்டுட்டு வந்துர்றேன். யாருக்கும் தெரியாது."

"அவ எடுத்துட்டுப் பயந்து போட்டான்னு சொல்வாங்க." அண்ணி புடவையைச் சரிசெய்தாள். "செருப்பு போடுங்க."

நானும் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குள் நான் கால் வைத்தது அன்றுதான்.

அந்தப் பெண் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் துணிப்பை, அதிலிருந்ததை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டு மறுபடி திணித்தது தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். தனக்காகப் பேசத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டாள்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க அக்கா" என்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து வளையை எடுத்து மேஜைமேல் வைத்தான். "நான்தான் எடுத்தேன் சார்" என்றான். எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார்கள். சொன்னான். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் நிமிர்ந்தார்.

"மாவிலோ? இனி வடையில கம்மல் வெச்சு விக்குமோடா நீ?"

இரண்டுபேர் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அண்ணியின் கையை விட்டாள்.

"தினம் சாயா போட்டுக் குடுத்தேனே அண்ணே" என்றாள். சத்தம் போடவில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அண்ணன் தலையைத் தூக்கவில்லை. டீச்சரைக் கூட்டிவந்தார்கள். வளையைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் போய், "மோளே, மகன் சொன்னதாலே..." என்று ஆரம்பித்தார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பரவால்ல டீச்சர்" என்றாள். அன்று அவள் டீச்சர் வீட்டுக்குப் போகவில்லை. பள்ளுருத்தியில் கட்டட வேலை செய்கிற ஊர்க்காரர்கள் வீட்டுக்குப் போனதாகச் சொன்னார்கள். அண்ணனை உள்ளே வைத்துக்கொண்டார்கள். நாங்கள் இரண்டுபேரும் நடந்தே வந்தோம்.

மறுநாள் விஷு. அண்ணனை மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தி ரிமாண்ட் செய்தார்கள். டீச்சர் ஒரு புதுப்புடவையைக் கொடுத்துப் பள்ளுருத்திக்கு ஆட்டோ அனுப்பினார். அதற்குள் அந்தப் பெண் ஊருக்குப் போக வைட்டிலா பஸ் ஸ்டாண்டில் குமுளி பஸ் ஏறிவிட்டாள். புடவை திரும்பி வந்தது.