ஆடிக்காற்றில் ஒண்டியாகக் கட்டிய செட்

போன வாரம் மருமகன் எனக்கு ஒரு செட் வாங்கி அனுப்பியிருந்தார். மண்வெட்டி, பூவாளி, ஓடாத மிக்ஸி எல்லாம் போட்டு வைக்கிற கொட்டகைதான். அதையும் இப்போது அட்டைப்பெட்டியில் அடைத்து வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறார்கள். பெட்டியைப் பிரித்தால் மேலாக ஒரு தாள். எழுத்தே கிடையாது, வெறும் படம். இடது பக்கம் ஒரு ஆள் தனியாக நின்று தலையைச் சொறிகிறான். அவன் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. வலது பக்கம் இரண்டு ஆட்கள், இரண்டு பேரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். ஒண்டியாகக் கட்டாதே என்கிறது கம்பெனி. எனக்கு வந்ததே ஒரு சிரிப்பு! உட்கார்ந்திருந்த முக்காலியோடு பின்னால் சாயப் பார்த்தேன்.

பெட்டிக்குள்ளிருந்து புதுத் தகர வாசம் வேறு. எண்ணெய்ப் பிசுக்கோடு லேசாகப் புளித்த மாதிரி இருக்குமே, அந்த வாசம். மற்றவர்களுக்குக் கல்யாண ஞாபகம் மல்லிகைப்பூவில் வருமோ என்னவோ, எனக்குத் தகரத்தில்தான் வரும். அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

அப்போது நாங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்தோம். நான் ஒரு பம்பு கம்பெனியில் டிராயிங் போடுகிறவன். காகிதத்தில் கோடு இழுத்தால் நூலளவு பிசகாது. காகிதத்தை விட்டு இறங்கினால் ஒரு ஆணி நேராகப் போகாது. கல்யாணமான இரண்டாவது வாரம் காலண்டர் மாட்டுகிறேன் பேர்வழி என்று சுவரில் ஒரு கைப்பிடி காரையைப் பெயர்த்துப் போட்டேன். புதுப்பெண்டாட்டி சரசு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிறந்த ஊர் அவிநாசி. அவள் வீட்டு ஆண்கள் காலையில் பல் துலக்குவதற்குள் ஒரு மோட்டாரைக் கழற்றி மாட்டுகிற ரகம். சிரிக்காமல் இருக்க என்னென்னவோ பாடுபட்டுவிட்டுக் கடைசியில் மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, பெரியமாமாவக் கூப்புடட்டுங்களா?"

பெரியமாமா என்றால் என் அண்ணன். என்னைவிட ஆறு வயது மூத்தவர், மில்லில் ஃபிட்டர். பக்கத்து வீட்டில்தான் இருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர் ஒன்று. நட்டு, போல்டு, குழாய், கூரை எல்லாம் அவர் கை பட்டால் சொன்னபடி கேட்கும். என் வீட்டில் குழாய் ஒழுகினாலும் அவர்தான், கதவு இறுகினாலும் அவர்தான். அதோடு அவருக்கு ஒரு மீசை இருந்தது. இரண்டு கையாலும் முறுக்கலாம், அப்படிப்பட்ட மீசை. அப்பா தவறினபோது எடுத்ததோடு சரி, அதற்குப் பிறகு அதன் மேல் கத்தி பட்டதில்லை.

சரசு கேட்ட அந்த ஒரு வார்த்தை என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. என் பெண்டாட்டி முன்னால் ஒரே ஒரு வேலையை, அண்ணன் இல்லாமல், முழுசாக நானே செய்து காட்ட வேண்டும். வேறு ஆசையே இல்லை அப்போது.

ஆடி நோம்பிக்கு மாமனார் வந்து சரசுவை அவிநாசிக்கு அழைத்துப் போனார். புதுப்பெண்ணை ஆடி மாதம் முழுக்கப் பிறந்த வீட்டில் வைத்துக்கொள்வது வழக்கமல்லவா? அவள் திரும்பி வருவதற்குள் புழக்கடையில் ஒரு செட் எழுந்து நிற்க வேண்டும் என்று முடிவுகட்டினேன். அன்று சாயங்காலமே அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"ஆடில எவனாச்சும் கடக்கால் போடுவானாடா?" என்றார். ஆடியில் அஸ்திவாரம் தோண்ட மாட்டார்களே!

"ஊடு இல்லீங்ணா, செட்டு. செட்டுக்கு ஏதுங்ணா ஆடி, ஆவணி?"

"செரி, ஆரு கட்டறது?"

"நான்தானுங்ணா. ஒண்டியா."

அண்ணன் சிரித்த சிரிப்பில் அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "நீ ஒண்டியாக் கட்டிப்போட்டீன்னா நா மீசைய எடுத்துப்போடறேன். வேற எவனாச்சும் கை வெச்சான்னா நீ எடுத்துப்போடோணும். சம்மதமா?"

என் மீசை ஒன்றும் பிரமாதமில்லை, எண்ணிவிடலாம். ஆனால் சரசு வந்து இறங்கும்போது நான் மழித்த உதட்டோடு நின்றால் என்ன ஆகும்? ஊரே எழவு கேட்க வந்துவிடும். அதைவிட, எதற்கு எடுத்தேன் என்று அவள் கேட்பாளே, அதுதான் பெரிய பயம். இருந்தும் ரோசம் விடவில்லை. சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு உக்கடம் பழைய சாமான் சந்தைக்குப் போனேன், மட்டம் பார்க்கிற ரசமட்டம் வாங்க. வாங்கினது ஒரு புகைக்கிற பைப். கம்பெனியில் ஒரு வெளிநாட்டு மெஷின் கேட்டலாக் இருந்தது. அதன் அட்டையில் ஒரு இன்ஜினியர் தன் மெஷின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு வாயில் பைப்போடு நிற்பார். உலகத்தில் எனக்கு இனி ஒரு குறையுமில்லை என்கிற முகம். செட் முடிந்த அன்று நானும் அப்படி நிற்பேன் என்று அந்தப் பைப்பை வாங்கிக் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். பீடிகூடப் பிடித்தறியாதவன் நான், கவனியுங்கள். ரசமட்டத்தை மறந்துவிட்டேன்.

முதல் ஞாயிறு அப்படிப் போனது. டிராயிங் மட்டும் பதினோரு தாள். அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகை மாதிரி நல்லா இருக்குதுடா" என்றார். குழி தோண்டினால் ஒரு முழத்துக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. நான் கடப்பாரையைப் போட, அது ணங் என்று சொல்லி என் பல்லை ஆட்டிவிட்டுத் திரும்பி வரும். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "ஏனுங்க, சித்தெ நானொரு கை போடட்டுங்களா?" என்று கேட்பார். "வேண்டாமுங்க, இருக்கட்டுமுங்க" என்பேன். நம் ஊரில் ஒருத்தர் உதவுகிறேன் என்று சொல்லி அதை வேண்டாம் என்பது லேசுப்பட்ட காரியமா? ஒவ்வொருவருக்கும் பத்து 'ங்க' போட்டுக் கும்பிட்டு அனுப்புவதற்குள், தோண்டுவதைவிட அதில்தான் எனக்கு அதிகம் வியர்த்தது.

அண்ணன் பாடுதான் பரிதாபம். கை வைக்கக் கூடாது, அதுதான் பந்தயம். வாயைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அதனால் ஞாயிறு தோறும் டீ டம்ளரோடு நடுச்சுவர் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். கால் இரண்டும் அவர் வீட்டுப் பக்கம்தான் தொங்கும், அதில் மகா கறார். அங்கிருந்து தலையை மட்டும் திருப்பிக்கொண்டு ஒரே சத்தம்.

"டேய், கம்பம் சாயுதுடா! தூக்குக்குண்டு போட்டுப் பாருடா! அட கெரகமே, மேக்கால எதுக்குடா தொறந்து வெக்கிற? ஆடிக்காத்து உள்ள பூந்தா ஷீட்டப் பிச்சுக்கிட்டுப் போயிருமுடா!"

கோயமுத்தூரில் பிறந்தவன் எவனும் செய்யாத தப்பு அது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வருகிற காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் எல்லோரும் கொட்டகை போடுவார்கள். நான் வாசலைக் காட்டினேன். ஏன் தெரியுமா? சாயங்கால வெளிச்சம் அழகாக விழும் என்று டிராயிங்கில் போட்டிருந்தேன். அண்ணன் சொல்லிவிட்டார் என்பதற்காக மாற்றினால் அது ஒண்டியாகக் கட்டினது ஆகுமா? மாற்ற மாட்டேன் என்று நின்றுவிட்டேன். அண்ணன் இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு தவித்தார். எதிரே ஒருவன் போல்டைத் தப்பாக மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவருக்குப் பட்டினி கிடப்பது மாதிரி.

எப்படியோ நாலு கம்பம் நின்றது. மேலே சட்டமும் ஏறியது. ஆடியின் கடைசி ஞாயிறு தகர ஷீட் போடுகிற நாள். அண்ணி பேரூர் கோயிலுக்குப் போயிருந்தார். தெருவில் ஈ, காக்கை இல்லை. அண்ணன் மட்டும் சுவர் மேல். முதல் மூன்று ஷீட் சமர்த்தாக உட்கார்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை, ஏணி உச்சியில் உட்கார்ந்து விசில் அடித்தேன். நாலாவது ஷீட்டைத் தூக்கிச் சட்டத்தில் சாய்த்து ஒரு போல்டு போட்டேன் பாருங்கள், வந்தது காற்று. மேற்கு வாசல் வழியாகத்தான், அண்ணன் சொன்ன மாதிரியே. ஷீட் அப்படியே எழுந்து நின்றது, நான் அதைக் கட்டிக்கொண்டேன். கால் ஏணியை விட்டுவிட்டது. அது என்னையும் தூக்கிக்கொண்டு அவிநாசி போய்விடும் போலிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதுகூட 'அண்ணா' என்று கூப்பிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கூப்பிடவில்லை. அவர் தாண்டிவிட்டார். டம்ளர் உருண்ட சத்தம் கேட்டது, அடுத்த நிமிடம் கீழேயிருந்து இரண்டு கை ஷீட்டின் விளிம்பை இழுத்துப் பிடித்தது. காற்று நிற்கிற வரை கால் மணி நேரம் அப்படியே நின்றார். நான் மறுபடி ஏணியில் காலை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு போல்டாக முடுக்கினேன். கடைசி போல்டு முடிந்ததும் அவர் சுவர் ஏறித் தன் பக்கம் குதித்து, கவிழ்ந்த டம்ளரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். உள்ளங்கை இரண்டிலும் தகரம் கிழித்து ரத்தக்கோடு.

நான் போய், "அண்ணா..." என்று இழுத்தேன்.

"என்றா?"

"தோத்துப்போட்டேனுங்ணா. நீங்க புடிச்சுட்டீங்களே."

"ஆரு புடிச்சா? நா இந்தச் செவுத்தத் தாண்டவே இல்லையே. போயி மூஞ்சி கழுவு, போ."

மறுநாள் சாயங்காலம் பைப்பை எடுத்தேன். புகையிலை வேண்டுமே? முக்குக் கடையில் கேட்டால், "பைப்புப் போயலையெல்லாம் இங்க வராதுங்க. இது நல்லாக் காரமா இருக்கும், கொண்டுபோங்க" என்று வெற்றிலையோடு போட்டு மெல்லுகிற புகையிலையைக் கட்டிக் கொடுத்தார். எனக்கு என்ன தெரியும்? ஈரப் புகையிலையைக் கிள்ளி அடைத்து, ஒரு கையைக் கம்பத்தில் ஊன்றி, கேட்டலாக் இன்ஜினியர் மாதிரியே நின்று பற்றவைத்தேன். முக்கால் பெட்டி தீக்குச்சி தீர்ந்த பிறகு பிடித்துக்கொண்டது. ஆழமாக ஒரு இழுப்பு. அப்புறம் இன்னொன்று. அம்மாடி! செட் சுற்றுகிறது, கம்பம் நாலும் எட்டாகிறது, எனக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. கம்பத்தைக் கட்டிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரிக்கிறேன்.

அப்போது மேற்கு வாசலில் ஒரு புது ஆள் வந்து நின்றார். வெள்ளைவேட்டி, குழந்தை மாதிரி மொழுமொழு முகம். தலை சுற்றினாலும் மரியாதை போகுமா? கையைக் கூப்பி, "வாங்க, வாங்க. ஏனுங்க, ஆரப் பாக்கோணும்?" என்றேன்.

"உங்கப்பனத்தாண்டா!" என்றது அண்ணன் குரல்.

மீசை இல்லை. மீசை இருந்த இடம் மட்டும் வெளுத்துப்போய்ப் புதுச்சுண்ணாம்பு அடித்தது போலிருந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் உட்கார்ந்தார். பைப்பை வாங்கி ஒரு இழுப்பு இழுத்து, கண் பிதுங்க இருமி, "மாட்டுக் கொட்டாய்ல மூட்டம் போடறதாடா இது?" என்றார். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டோம்.

ஒரு மாதம் ஊரில் அவர் நடமாட முடியவில்லை. பஸ் ஸ்டாப்பில், டீக்கடையில், மில் கேட்டில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, ஆரு தவறிட்டாங்க?" என்று கேட்பார்கள். அண்ணன் முகத்தை வைத்துக்கொண்டு, "ஆரும் இல்லீங்க. எந்தம்பி ஒண்டியா செட்டுக் கட்டிப்போட்டானுங்க, அதான்" என்பார். அண்ணி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சரசு வந்தாள். செட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மீசையில்லாத பெரியமாமாவைப் பார்த்தாள், விவரம் கேட்டாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வைக்கு நான் பத்து செட் கட்டுவேன். அந்த நிமிடம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அண்ணன் அவளுக்குப் பின்னால் நின்று, சொல்லாதே என்று தலையை ஆட்டினார். நானும் விழுங்கிவிட்டேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது, என்ன செய்ய?

அதற்குப் பிறகு வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் ஒண்டியாகக் கட்டினது என்று காட்டினேன். அண்ணன் பக்கத்தில் இருந்தால் ஆமாம் போடுவார். ரோட்டை அகலப்படுத்தினபோது வீட்டோடு செட்டும் போனது. நாங்கள் சரவணம்பட்டிப் பக்கம் குடிவந்தோம், அண்ணன் தாராபுரத்தில் மகள் வீட்டுக்குப் போனார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கேயே, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

போன தை மாதம் அவருக்குத் திதி கொடுத்துவிட்டு வந்து, பொறுக்கமாட்டாமல் சரசுவிடம் சொல்லிவிட்டேன். காற்று அடித்தது, அவர் தாண்டினது, கால் மணி நேரம் பிடித்தது, கை கிழிந்தது, எல்லாம். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அவிய போன துக்கத்துல என்னத்தையாச்சும் நெனச்சுக்காதீங்க. நா அப்பவே அவியகிட்டத் தனியாக் கேட்டனுங்க. கோனியம்மன் மேல ஆணையா, அந்தச் செவுத்துக்கு அக்கட்ட காலே வெக்கலீன்னு சொன்னாங்க. சாமி மேல பொய்ச் சத்தியம் பண்ற மனுசனுங்களா பெரியமாமா?"

எனக்காக அவர் சாமி மேல் பொய்ச் சத்தியம் செய்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் என்ன சொன்னாலும் அவள் நம்புவதாக இல்லை. அண்ணன் இருந்தால் கையைப் பிடித்து இழுத்து வந்து, சொல்லுங்கண்ணா என்று அவள் முன்னால் நிறுத்தியிருப்பேன். இருந்திருந்தாலும் அந்த மனுசன், தாண்டவே இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.